மைக்ரான் சரி, வழுக்கல் ஏன் மாறுகிறது?

ஒரே குழாயிலிருந்து அறுத்தெடுத்த இரண்டு அலுமினியத் துண்டுகள். ஒரே டிராயிங், ஒரே லேத், ஒரே அனடைசிங் பட்டறை. தடிமன் மீட்டரை வைத்தால் இரண்டும் 20 மைக்ரான் காட்டுகின்றன. இரண்டையும் காற்றழுத்த சிலிண்டர்களாகப் பூட்டி மெதுவாகக் காற்றை விட்டால், ஒன்றில் பிஸ்டன் சீராகப் போய்ச் சேர்கிறது. மற்றதில் நின்று, உதறி, மறுபடி நின்று, திக்கித் திக்கி நகர்கிறது. கோவையின் கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ மலுமிச்சம்பட்டியிலோ அலுமினியத்தோடு புழங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதாக இருக்காது. பழி வழக்கமாக எங்கே போய் விழும் என்பதும் தெரிந்ததுதான்: அனடைசிங் போட்டவர் தலையில். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பட்டறையிடம் கேட்டது தடிமன், அது கிடைத்திருக்கிறது. வழுக்கலை யாருமே கேட்கவில்லை. கேட்காத ஒன்று லாட்டுக்கு லாட் மாறுவதில் வியப்பு என்ன இருக்கிறது?

கோவையில் இது கூடுதலாக உறைப்பதற்கு ஊரின் தொழில் அமைப்பு ஒரு காரணம். 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை, 1930-களில் வந்து சேர்ந்த பைக்காரா மின்சாரம், அதன்பின் வரிசையாக எழுந்த மில்கள், மில்களுக்கு உதிரிபாகம் செய்யக் கிளம்பிய பட்டறைகள், 1962-இல் பெரியநாயக்கன்பாளையத்தில் முழு நூற்பு இயந்திரத்தையே செய்யத் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் என்று ஒன்றை ஒன்று பிடித்து வளர்ந்த ஊர் இது. இங்கே ஒரு பாகம் ஒரே கூரைக்குள் பிறந்து முடிவது அரிது. குழாய் ஓரிடத்தில் வாங்கப்படும்; கடைசல் இன்னோரிடத்தில்; பாலிஷோ மணல் வீச்சோ மூன்றாவது இடத்தில்; அனடைசிங் நான்காவது இடத்தில். ஜாப் ஆர்டர் என்ற இந்த முறைதான் கோவையின் பலம். சிறு முதலீட்டில் ஒருவர் ஒரே வேலையில் தேர்ந்துவிட முடிகிறது. ஆனால் கைமாறும்போது பாகத்தோடு போவது டிராயிங்கும் டெலிவரி சலானும் மட்டுமே. முந்தைய பட்டறையில் அதற்கு என்ன நடந்தது என்ற வரலாறு கூடவே போவதில்லை. உராய்வோ அந்த வரலாறு முழுவதையும் பொறுத்தது.

அனடைசிங் என்பது பூச்சு அல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பெயின்ட் வெளியிலிருந்து வந்து ஒட்டுகிறது. இங்கே அலுமினியத்தின் மேற்பரப்பே ஆக்சைடாக மாறுகிறது. காற்று பட்டாலே அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனுக்கு ஆக்சைடு படிந்துவிடும். அதைப் பல ஆயிரம் மடங்கு தடிக்க வைப்பதற்காகப் பாகத்தை நேர்மின்முனையாக்கி, ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதக் கந்தக அமிலத்தில் முக்கி மின்சாரம் செலுத்துகிறார்கள். அடியில் உலோகம் ஆக்சைடாகிக்கொண்டே இருக்க, அமிலம் அந்த ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டும் இருக்கிறது. இந்த இழுபறியில் பிறப்பது கோடானுகோடி நுண்துளைகள் நிறைந்த படலம். 1953-இல் கெல்லர், ஹன்டர், ராபின்சன் என்ற மூன்று அல்கோவா நிறுவன ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியின் துணையோடு இதை அறுகோண அறைகளின் அடுக்காக விளக்கினார்கள். ஒவ்வோர் அறைக்கும் நடுவே ஒரு துளை. கந்தக அமிலப் படலத்தில் அதன் விட்டம் 10 முதல் 20 நானோமீட்டர் அளவு. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆயிரக்கணக்கான கோடித் துளைகள். 'அனடைஸ் செய்தால் மேலே நீலக்கல் மாதிரி ஆகிவிடும்' என்று விற்பனையில் சொல்லப்படுவதை அப்படியே நம்பக் கூடாது. நீலக்கல்லும் நூல் வழிகாட்டியாகப் பயன்படும் அலுமினா பீங்கானும் படிக வடிவானவை. விக்கர்ஸ் அளவில் 1500-க்கும் மேல் கடினம் கொண்டவை. அனடைசிங் படலமோ படிக ஒழுங்கு இல்லாதது, கந்தகச் சேர்மங்களைத் தன்னுள் வைத்திருப்பது. கடினமான படலத்துக்காகச் செய்யும் ஹார்டு அனடைசிங்கிலேயே கடினம் பெரும்பாலும் 350 முதல் 500 வரைதான். அது எப்படி வளர்ந்தது என்பதைப் பொறுத்தே அதன் குணம் அமைகிறது.

உராய்வைப் பற்றி நாம் பள்ளியில் படித்தது அமோன்டன் 1699-இல் பாரிஸில் சொன்னதும், கூலோம் 1785-இல் விரித்ததும். அழுத்தும் விசைக்கு விகிதமாக உராய்வு இருக்கும், தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்பது அதன் சாரம். பாடநூல் அட்டவணையில் 'எஃகின் மேல் அலுமினியம்' என்று போட்டு ஓர் எண்ணும் கொடுத்திருப்பார்கள். அந்த அட்டவணைதான் பாதிக் குழப்பத்துக்கு வேர். உராய்வு எண் ஒரு பொருளின் குணம் என்ற எண்ணத்தை அது மனதில் ஆழப் பதித்துவிட்டது. கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் செய்து 1950-இல் நூலாக்கிய ஆய்வுகள் காட்டியது வேறு: இரண்டு பரப்புகள் உண்மையில் தொடுவது முகடுகளின் நுனியில் மட்டும், கண்ணுக்குத் தெரியும் பரப்பில் அது மிகச் சிறு பங்கு. ஆகவே வெளி மைக்ரானின் கடினம், முகடுகளின் வடிவம், அங்கே படிந்திருக்கும் ஈரம், எண்ணெய், தூசி ஆகியவைதான் உராய்வைத் தீர்மானிக்கின்றன. அடியில் இருக்கும் 19 மைக்ரானுக்கு அதில் நேரடிப் பங்கு குறைவு. எதிரே இருப்பது ரப்பர் சீல் என்றால் அமோன்டன் விதியே முழுதாகப் பொருந்தாது. ரப்பர் முகடுகளுக்குள் பிதுங்கி, நெளிந்து, அந்த நெளிவிலும் ஆற்றலை இழக்கிறது. தடிமன் மீட்டர் அளப்பது படலத்தின் ஆழத்தை. உராய்வு நடப்பது அதன் தோலில்.

தோல் எங்கெல்லாம் மாறுகிறது? முதலில் உலோகத்திலேயே. வெள்ளையாகக் கடைந்து வைத்த 6063, 6082 உலோகக் கலவைகளைக் கண்ணால் பிரிக்க முடியாது; ஸ்டாக் முடிந்த நாளில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போட்டால் தொட்டி அதைக் கண்டுகொள்ளும். வார்ப்பு அலுமினியத்தில் சிக்கல் இன்னும் பெரிது. எல்எம்6 கலவையில் 10 முதல் 13 சதவீதம் சிலிக்கான் இருக்கிறது. அனடைசிங்கில் சிலிக்கான் துகள்கள் ஆக்சைடாக மாறாமல் படலத்துக்குள் கற்களாகக் கிடக்கும். அவற்றைச் சுற்றி வளர்ந்த படலம் மேடு பள்ளமாகும். செம்பு கலந்த டை காஸ்டிங் வகைகளில் செம்பு சார்ந்த துகள்கள் அமிலத்தில் கரைந்து பொந்துகளை விட்டுச் செல்லும். அடுத்தது காஸ்டிக் சோடாத் தொட்டி. எண்ணெயும் பழைய ஆக்சைடும் போகப் பாகத்தைச் சூடான காஸ்டிக்கில் முக்குவார்கள். அது உலோகத்தையும் சேர்த்து அரிக்கும். இரண்டு நிமிடம் முக்கியதும் ஐந்து நிமிடம் முக்கியதும் படலம் ஏறியபின் மீட்டரில் ஒன்றாகவே தெரியும். கடைசலின் முகடுகள் ஒன்றில் மழுங்கியும் மற்றதில் குழி விழுந்தும் இருக்கும். படலம் தடிக்கத் தடிக்கச் சொரசொரப்பும் ஏறுகிறது என்பதால், இங்கே விட்ட வித்தியாசம் பிறகு குறைவதில்லை.

ஆனால் என் கணிப்பில் கோவைச் சூழலில் முதல் குற்றவாளி அமிலத் தொட்டியின் வெப்பம். ஒரு சிறு கணக்குப் போடலாம். 2000 லிட்டர் தொட்டி, 1000 ஆம்பியர், 18 வோல்ட். 18 கிலோவாட் தொட்டிக்குள் போகிறது. ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அரை மணி நேரத்தில் சேரும் வெப்பம் அந்த அமிலத்தை ஏறத்தாழ 4 டிகிரி உயர்த்தப் போதும். சில்லர் இல்லாமலோ, இருந்தும் திணறிக்கொண்டோ இருந்தால், காலை 20 டிகிரியில் தொடங்கிய தொட்டி மூன்று சுற்றில் 30-ஐத் தாண்டிவிடலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊரைக் குளிர்விக்கும், தொட்டியைக் குளிர்விக்காது. சூடான அமிலம் படலத்தை மேலிருந்து வேகமாகக் கரைக்கிறது. முதலில் உருவான வெளிப்பகுதிதான் அமிலத்தில் அதிக நேரம் கிடப்பது. ஆகவே அங்கேதான் துளைகளின் வாய் அகன்று, சுவர் மெலிந்து, தேய்த்தால் மாவாக உதிரும் அளவுக்கு இளகுகிறது. ஆம்பியரையும் நேரத்தையும் கொஞ்சம் கூட்டி 20 மைக்ரானை எட்டிவிடலாம். மீட்டர் ஏற்றுக்கொள்ளும், சலானில் கையெழுத்து விழும். காலை லாட்டும் மதிய லாட்டும் ஒரே எண்ணோடு வெளியே போகின்றன. தோல் மட்டும் வேறு வேறு. நீண்ட ஒடுங்கிய சிலிண்டர் குழாயில் இது ஒரே பாகத்துக்குள்ளேயே நடக்கும். உள்ளே குளிர்ந்த அமிலம் ஓடிப் பரவாவிட்டால் வாயருகே ஒரு படலம், நடுவில் வேறு படலம். பிஸ்டன் பாதி வழியில் மட்டும் சிக்கினால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கடைசிக் கட்டம் சீலிங் எனப்படும் துளை அடைப்பு. 96 டிகிரிக்கு மேல் கொதிநிலையை ஒட்டிய தூய நீரில் பாகத்தை வைத்தால் ஆக்சைடு நீரோடு சேர்ந்து போமைட் என்ற கனிமமாக ஊதி, துளைவாயை மூடும். ஒரு மைக்ரானுக்கு 3 நிமிடம் என்பது பரவலான கணக்கு. 20 மைக்ரானுக்கு ஒரு மணி நேரம். துரு எதிர்ப்புக்கு இது அவசியம். ஆனால் தேய்மானத் தாங்குதிறன் இதனால் குறையும் என்பதால், ஹார்டு அனடைசிங்கில் தேய்மானம்தான் முக்கியம் என்றால் அடைக்காமல் விடுவதே வழக்கம். மேலும் அடைப்பின்போது மேற்பரப்பில் மெல்லிய மாவுப் படிவு உண்டாகும். விரலால் தடவினால் உலர்ந்த சுண்ணாம்பைத் தொட்ட உணர்வு. இது எவ்வளவு படியும் என்பது தண்ணீரைப் பொறுத்தது. சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் சிறிதளவு இருந்தாலே அடைப்பைக் கெடுக்கும். கால்சியம் படிவாக ஒட்டும். மேற்கு மலையிலிருந்து வரும் சிறுவாணியின் மென்மை வேறு, பட்டறைப் பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீர் வேறு. தொட்டியை நிரப்பிய தண்ணீர் எது என்பது டிராயிங்கில் இல்லாத, ஆனால் பாகத்தின் மேல் எழுதப்பட்டுவிடும் தகவல். இதோடு கழிவுநீர்க் கெடுபிடியும் சேர்கிறது. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபின், கொங்குப் பகுதியில் தண்ணீரைக் கையாளும் எந்தத் தொழிலும் கழிவைப் பற்றி அலட்சியமாக இருக்க முடியாது. அது நியாயம். ஆனால் அலசும் தண்ணீரை மிச்சம் பிடித்து மறுபடி மறுபடி சுற்றவிட்டால் உப்பும் அமிலமும் அடைப்புத் தொட்டிவரை பயணம் செய்யும். அயனி நீக்கிய நீரைக் கடைசி இரண்டு தொட்டிகளுக்காவது ஒதுக்காமல் வழுக்கலை ஒரே நிலையில் வைத்திருப்பது கடினம்.

'இத்தனை நுணுக்கம் எதற்கு, கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் என்ன?' என்று கேட்கலாம். பல பாகங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஜன்னல் சட்டத்தின் உராய்வைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் நூல் ஓடும் பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உருளை மேல் சுற்றி ஓடும் நூலின் டென்ஷன், உராய்வு எண்ணோடு நேராகக் கூடுவதில்லை. அடுக்குக்குறி விதியில் பெருகுகிறது. அரைச் சுற்று ஓடும் நூலுக்கு உராய்வு எண் 0.20 என்றால் வெளியேறும் டென்ஷன் உள்ளே வந்ததைப் போல 1.87 மடங்கு. அதுவே 0.25 ஆனால் 2.19 மடங்கு. அதாவது 17 சதவீதம் கூடுதல். அதே நூல் வழியில் இப்படி இரண்டு பரப்புகள் அடுத்தடுத்து வந்தால் வித்தியாசம் 37 சதவீதம். நிமிடத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஓடும் வைண்டிங்கில் இதன் பொருள் நூல் அறுவது, அல்லது கோன் இறுகிப்போவது. சிலிண்டரில் வேறு விதமாகக் கசக்கும். ஓய்விலிருந்து கிளப்பத் தேவைப்படும் விசை, ஓடும்போது தேவைப்படும் விசையைவிடப் பெரிதாக இருந்தால், காற்று ஒரு ஸ்பிரிங்காக அமுங்கிக் காத்திருந்து பிஸ்டனை எறிகிறது, பிறகு நிற்கிறது. தொடக்கத்தில் சொன்ன திக்கல் இதுதான். இரண்டு உராய்வுக்கும் உள்ள இடைவெளிதான் இங்கே வில்லன். சராசரி அளவு அல்ல.

தடிமனோடு சொரசொரப்பையும், அதாவது ஆர்ஏ எண்ணையும் சேர்த்துக் கேட்டால் போதாதா என்பது அடுத்த எதிர்க்கேள்வி. கேட்பது நல்லதுதான், போதாது. ஆர்ஏ ஒரு சராசரி. சமதளத்திலிருந்து முட்கள் எழும்பி நிற்கும் பரப்பும், சமதளத்தில் குழிகள் விழுந்திருக்கும் பரப்பும் ஒரே ஆர்ஏ காட்ட முடியும். முதலாவது ரப்பர் சீலைச் சீவும். இரண்டாவது கிரீஸைத் தேக்கி வைத்து உதவும். 'துளைகளே எண்ணெயைப் பிடித்து வைக்குமே' என்பார்கள். 20 நானோமீட்டர் துளைக்குள் எண்ணெய் ஊறும். கிரீஸுக்கு உடல் தரும் சோப்பு நார்கள் நுழையாது. கிரீஸைத் தாங்குவது காஸ்டிக் விட்ட குழிகளும் படலத்தின் மயிரிழை வெடிப்புகளும்தான். டெஃப்லான் ஊட்டிய அனடைசிங் என்று விற்பதற்கும் இதே அளவு வாதம் பொருந்தும். டெஃப்லான் கரைசலின் துகள்கள் பெரும்பாலும் நூறு நானோமீட்டருக்கு மேற்பட்டவை. துளைக்குள் போகாமல் மேலே உட்கார்கின்றன. உராய்வு குறைவது உண்மை. ஆனால் அது மேலே படிந்த மெல்லிய அடுக்கின் உபயம், தேயும்போது அடியில் உள்ள பழைய மாறுபாடு வெளியே வரும். 'ஓட ஓடச் சரியாகிவிடும்' என்ற சமாதானத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. மாவுப் படிவு முதல் சில ஆயிரம் ஓட்டங்களில் போய்விடும். போவது எங்கே? கிரீஸுக்குள்தான், ஆக்சைடு மாவு கலந்த கிரீஸ் தேய்க்கும் பசையாக வேலை செய்யும்.

தரக்குறிப்புகள் இதில் உதவவில்லை என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1923-இல் பிரிட்டனில் பெங்கோவும் ஸ்டூவர்ட்டும் குரோமிக் அமில அனடைசிங்கைக் கொண்டுவந்தது கடல் விமானங்களின் அலுமினியம் உப்புக் காற்றில் அரிக்கப்படாமலிருக்க. பின்னால் வந்த தரங்களும் துரு, தடிமன், படல எடை, தேய்மானம் என்ற வழியிலேயே நடந்தன. உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் அமெரிக்க ராணுவக் குறிப்பான மில்-ஏ-8625 இவற்றைக் கேட்கிறது. உராய்வு எண்ணுக்கு வரம்பு வைக்கவில்லை. அது தரக்குறிப்பின் குறை என்றுகூடச் சொல்ல முடியாது. எதிரே எந்தப் பொருள் உரசப்போகிறது என்று தெரியாமல் எவரும் உராய்வு எண்ணை எழுத முடியாது.

வியப்பு என்னவென்றால், மாறுபாட்டை எண்ணாக எழுதி வாங்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. நூல் வாங்கும் எவரும் 40-ஆம் கவுண்ட் என்பதோடு நிறுத்துவதில்லை, கவுண்ட் சி.வி. (அதாவது கவுண்டின் சிதறல்) எவ்வளவு, மெல்லிய இடம் எத்தனை, தடித்த இடம் எத்தனை என்று கேட்கிறார்கள். 1957 முதல் வெளிவரும் உஸ்டர் புள்ளிவிவரங்களோடு தங்கள் நூலை ஒப்பிட்டு, உலகில் நாம் எத்தனையாவது சதவீதத்தில் நிற்கிறோம் என்று மில்கள் பார்த்துக்கொள்கின்றன. 1956-இல் தொடங்கிய ஜவுளி ஆய்வு நிறுவனமான சிட்ரா பல பத்தாண்டுகளாக மில்களை மில்களோடு ஒப்பிட்டுக் காட்டி வருகிறது. சராசரி மட்டும் போதாது, சிதறலும் வேண்டும் என்பது நூலில் இங்கே சாதாரண அறிவு. அந்த நூல் ஓடும் பரப்புக்கு மட்டும் 'குறைந்தது 20 மைக்ரான்' என்ற ஒற்றை வரி போதும் என்று விட்டுவிடுகிறோம்.

சிறு பட்டறைக்கு இது கட்டுப்படியாகுமா என்பது மிக நியாயமான ஆட்சேபம். மின்னணு நுண்ணோக்கி வேண்டும் என்றால் கட்டுப்படியாகாது. ஆனால் வேண்டியது அதுவல்ல. பாகங்களோடு அதே ஜிக்கில் அதே கலவையில் வெட்டிய ஒரு தட்டையான சாட்சித் துண்டைத் தொங்கவிடலாம். வெளியே வந்து உலர்ந்தபின் அதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, விரல் படாமல் சாய்பலகையில் வைத்து, அதன் மேல் சிலிண்டரில் போடும் அதே ரப்பரை அடியில் ஒட்டிய சிறு எடையை வைத்து, பலகையை மெல்ல உயர்த்த வேண்டும். எடை நழுவும் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்புதான் நிலை உராய்வு எண். எடுத்துக்காட்டாக 12 டிகிரியில் நழுவினால் 0.21, 17 டிகிரி என்றால் 0.31. ரப்பருக்கு இந்த எண் வைத்த எடையைப் பொறுத்தும் மாறும் என்பதால் எடை எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். காலை லாட்டும் மதிய லாட்டும் மூன்று டிகிரி விலகி நின்றால் பாகங்களைப் பூட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். இதோடு சலானில் ஐந்தாறு விவரம் போதும்: கலவை, காஸ்டிக் நேரம், தொட்டி வெப்பத்தின் தொடக்கமும் முடிவும், அடைப்பு உண்டா இல்லையா, எந்தத் தண்ணீர்.

சாய்பலகைக்கு வரம்புகள் உண்டு. ஓடும் உராய்வை அது சொல்லாது, கிரீஸ் போட்ட பரப்பின் மெது வேகத் திக்கலையும் காட்டாது. ஈரப்பதம் மாறினால் எண்ணும் மாறும். ஓடும் உராய்வையும் திக்கலையும் அளக்க லோட் செல் வைத்து மெதுவாக இழுக்கும் சோதனை வேண்டும். அது பொதுச் சோதனைக்கூடத்தின் வேலை. பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் சிடார்க் சோதனைக்கூடம் செய்வதைப் போல ஓர் ஏற்பாடு இதற்கும் அமைவது கடினமல்ல. கோணம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அனடைசிங் பட்டறையால் சொல்ல முடியாது. எந்த ரப்பர், எந்த கிரீஸ், எந்த வேகம் என்று தெரிந்தவர் சிலிண்டரை வடிவமைப்பவர் மட்டுமே. அவரும் முதல் நாளிலேயே வரம்பு எழுதிவிட முடியாது. சில மாதங்களுக்கு எதையும் நிராகரிக்காமல் ஒவ்வொரு லாட்டின் கோணத்தையும் குறித்து, எந்தக் கோணத்தில் பூட்டிய சிலிண்டர் திக்கியது என்று பக்கத்தில் எழுதி வந்தால், டிராயிங்கில் மைக்ரானுக்குக் கீழே சேர்க்க வேண்டிய வரி அந்த நோட்டிலிருந்தே கிடைக்கும்.